கொடி போச்சு, கம்பமும் போச்சு: படகில் கொடி கட்டிய கதைகள்

படகு வாங்கிய முதல் மாதமே அதில் தேசியக் கொடி பறக்கவிட வேண்டும் என்று எனக்கு ஒரே துடிப்பு. 18 அடி ஃபைபர் படகு, பின்னால் அவுட்போர்டு இன்ஜின். கொடியை மட்டும் 5 அடி நீளத்துக்கு வாங்கிவிட்டேன், பெரிதாக இருந்தால்தானே கம்பீரம் என்ற நினைப்பு. புதுப் படகில் ஓட்டை போட மனசு வரவில்லை. அதனால் கண்ணாடியில் ஒட்டுவார்களே, அந்த மாதிரி ரப்பர் கிண்ணம் வைத்த ஒரு தாங்கியைப் பின்பக்க மேல்விளிம்பில் அழுத்தி ஒட்டி, கம்பத்தை அதில் செருகினேன். நின்ற இடத்தில் அழகாகத்தான் இருந்தது. கிளம்பி, படகு தண்ணீருக்கு மேல் எழும்பி 25 நாட் வேகத்தைத் தொட்டதும், அதாவது மணிக்கு 46 கிலோமீட்டர், பின்னால் படபடவென்று ஒரு சத்தம், அப்புறம் 'பொத்'தென்று ஒன்று, அப்புறம் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் தாங்கி இருந்த இடத்தில் வட்டமாக ஒரு ஈரத் தடம்தான் மிச்சம். படகைத் திருப்பிக்கொண்டு வந்து தேடினோம். கம்பம் முழு எவர்சில்வர், கனம் அதிகம். துணியின் ஒரு மூலை பச்சைத் தண்ணீருக்குள் இறங்கிப் போனதை ஒரு நொடி பார்த்தேன், அவ்வளவுதான். கூட வந்த மச்சான், "சரி மாமா, கொடி இறக்கியாச்சு, வீட்டுக்குப் போலாமா?" என்றான். இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்.

பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேகம் இரண்டு மடங்கானால் காற்று இழுக்கிற விசை நான்கு மடங்காகும். படகு நீளத்தில் ஒரு அடிக்கு ஒரு அங்குலம் என்று கொடியின் நீளத்தை வைத்துக்கொள்ளும் ஒரு பழைய வழக்கம் உண்டு. அந்தக் கணக்கில் என் படகுக்கு 18 அங்குலம் போதும், நான் கட்டியது 60. இரண்டாவது முறை ஓட்டை போட்டே மாட்டிவிட்டேன், நடுவில் இல்லாமல் வலப்பக்கமாகத் தள்ளி. நடுவில் வைத்தால் இன்ஜினைத் தூக்கும்போது அதன் மூடி போய்க் கம்பத்தில் இடிக்கும். உங்களுக்கெல்லாம் என்ன ஆனது என்று சொல்லுங்கள், நான் மட்டும்தான் முட்டாளா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

*

நீங்கள் கொடியைத்தான் தொலைத்தீர்கள், நான் தளத்தையே தொலைக்கப் பார்த்தேன். கம்பம் செருகும் குழாயை நான்கு ஸ்குரூ போட்டு முடுக்கி, ஓரத்தில் கொஞ்சம் சிலிக்கான் தடவிவிட்டு, வேலை முடிந்தது என்று கை கழுவிவிட்டேன். இரண்டு வருடம் ஒன்றும் தெரியவில்லை. ஒருநாள் அந்த இடத்தில் கால் வைத்தால் தளம் லேசாக அமுங்குகிறது. ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போனேன். மற்ற இடத்தில் 'டக் டக்', குழாயைச் சுற்றி மட்டும் 'தொப் தொப்'. கழற்றினால் உள்ளேயிருந்து பழுப்புத் தண்ணீர் வழிகிறது. பல படகுகளில் தளம் முழுக்க ஃபைபர் கிடையாது, மேலே ஒரு ஃபைபர் தோல், கீழே ஒரு தோல், நடுவில் பால்சா என்ற லேசான மரத்தக்கை. ஸ்குரூ ஓட்டை வழியாக இறங்கிய தண்ணீர் அந்தத் தக்கையை ஊறிய மரத்தூளாக ஆக்கியிருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு நிரப்ப வேண்டியதாயிற்று.

இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான். ஓட்டையைத் தேவைக்கு மேல் பெரிதாகப் போடுங்கள், வளைத்த ஆணியால் உள்ளே இருக்கும் தக்கையைக் கொஞ்சம் சுரண்டி எடுங்கள், அடியில் டேப் ஒட்டிவிட்டு, கலந்து ஊற்றினால் இறுகிவிடும் எபாக்ஸி பிசினை ஊற்றுங்கள். அது கல்லாக இறுகிய பிறகு அதன் நடுவில் போல்ட்டுக்கு ஓட்டை போடுங்கள். தண்ணீர் புகுந்தாலும் தக்கையை எட்டாது. மேல் பூச்சு சில்லு சில்லாகப் பெயராமல் இருக்க, டேப் ஒட்டிவிட்டு ட்ரில்லை முதலில் தலைகீழாகச் சுற்றவிட்டுத் தொடங்க வேண்டும். ஸ்குரூ வேண்டவே வேண்டாம், ஊடுருவிப் போகும் போல்ட்டு, அடியில் அகலமான ஒரு தகடு, பிறகு நட்டு. தண்ணீர் புகாமல் அடைக்க பாலியூரித்தேன் பசை போட்டால் அப்புறம் கழற்றுவது பெரும்பாடு, பிற்பாடு இடம் மாற்றுவேன் என்று நினைப்பவர்கள் பியூட்டைல் டேப் என்ற மெத்தென்ற ஒட்டு நாடா போட்டுக்கொள்ளலாம். அலுமினியப் படகு வைத்திருப்பவர்களுக்கு வேறு தலைவலி. எவர்சில்வர் போல்ட்டும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்து அரித்துப் போகும், நடுவில் நைலான் வாஷர் கட்டாயம்.

*

இவ்வளவு எதற்கு? பின்னால் கைப்பிடிக் கம்பி இருந்தால் கிளாம்பு போட்டு மாட்டுங்கள், ஓட்டையே தேவையில்லை. ஆனால் கம்பியின் விட்டத்தை அளந்துவிட்டு வாங்குங்கள். நான் 22 மி.மீ. கம்பிக்கு 25 மி.மீ. கிளாம்பு வாங்கி, இடைவெளிக்கு ரப்பர் சுற்றி மாட்டினேன். கொஞ்ச தூரம் போனதும் கம்பம் மெதுவாகச் சாய்ந்து, மீன் பிடித்துக்கொண்டிருந்த அப்பாவின் தலையில் கொடியைப் போர்த்திவிட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை, தூண்டிலைச் சுருட்டிவிட்டார்.

*

என்னுடையது ராத்திரி விஷயம். மீன்பிடித்துவிட்டுத் திரும்ப இருட்டிவிட்டது. விளக்கெல்லாம் போட்டேன், சோதித்தும் பார்த்தேன். பாதி வழியில் பின்னாலிருந்து ஒரு படகு வேகமாக வந்து, கடைசி நிமிடத்தில் ஒடித்துத் திரும்பி, எங்கள் மேல் டார்ச் அடித்தது. "பின் விளக்கு எங்கேய்யா?" என்று கத்தினார் அந்தப் படகுக்காரர். விளக்கு எரிகிறதே என்று நானும் கத்தினேன். எழுந்து போய்ப் பார்த்தால், காற்று விழுந்ததில் கொடி தொங்கி, விளக்குக் கம்பத்தின் மேல் அப்படியே சுற்றிக்கொண்டிருக்கிறது. பின் விளக்கு 135 பாகைக்குத் தெரிய வேண்டும் என்பது விதி. என்னுடையது துணிக்குள் மினுக்கிக்கொண்டிருந்தது. கை நடுங்கிவிட்டது, சும்மா சொல்லக் கூடாது. காலை 8 மணிக்கு ஏற்றி சூரியன் மறையும்போது இறக்குவது என்ற கடல் வழக்கத்தை அதுவரை வெறும் சம்பிரதாயம் என்று நினைத்திருந்தேன். இப்போது சூரியன் சாய்ந்ததும் முதல் வேலை கொடியைச் சுருட்டி உள்ளே வைப்பது, அப்புறம்தான் விளக்கு ஸ்விட்ச்.

*

தேசியக் கொடியைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். நான் முக்குளிக்கிறவன், எனக்குக் கோபம் வேறு இடத்தில். தண்ணீருக்கடியில் ஆள் இருக்கிறார், விலகி மெதுவாகப் போங்கள் என்பதற்குத்தான் வெள்ளையும் நீலமுமாக வால் பிளந்த 'ஏ' கொடி, அதாவது கப்பல்களின் சைகைக் கொடிகளில் 'A' எழுத்துக்கானது. சில நாடுகளில் சிவப்பில் வெள்ளைக் குறுக்குக் கோடு போட்டதும் உண்டு. இதை அலங்காரத்துக்கு எப்போதும் மாட்டிக்கொண்டு திரிகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருமுறை அப்படி ஒரு படகைப் பார்த்து இன்ஜினைக் குறைத்து, அரைமணி நேரம் சுற்றிப் போனோம். கிட்டே போனால் ஒருவர் தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கிக்கொண்டிருக்கிறார். முக்குளிப்பவர் எங்கே என்று கேட்டால், "போன மாதம் வந்தாங்க" என்கிறார்! இப்படிச் செய்துதான் அந்தக் கொடிக்கு மதிப்பே போகிறது. இன்னொன்று, சின்னப் படகென்றால் துணியை நம்பாதீர்கள். காற்று இல்லாத நாளில் அது ஈரக் கைக்குட்டை போலத் தொங்கும். சர்வதேச விதியே குறைந்தது 1 மீட்டர் உயரத்துக்கு விறைப்பான பலகை போல இருக்க வேண்டும், எல்லாத் திசையிலிருந்தும் தெரிய வேண்டும் என்கிறது.

*

எல்லோருக்கும் நன்றி, நான் தனி ஆள் இல்லை என்று தெரிந்தது. விளக்குக் கதையைப் படித்ததும் நேராகப் போய் என் படகில் கொடியைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். விளக்கைத் தொடவில்லை, ஆனால் நான்கு விரல் இடைவெளிதான். கம்பத்தை இன்னும் கொஞ்சம் வெளியே சாய்த்தாக வேண்டும்.

இப்போது நைலான் கொடி போட்டிருக்கிறேன், நனைந்தாலும் சீக்கிரம் காய்கிறது, சின்னக் காற்றுக்கே எழுகிறது. பறக்கிற ஓரம் நூல் பிரியத் தொடங்கியதும் அரை அங்குலம் வெட்டி மடித்துத் தைத்துவிடுகிறேன். விட்டால் ஒரே ஓட்டத்தில் பாதிக் கொடி நாராகிவிடும். வேகமாக ஓட்டும்போது கழற்றி உள்ளே வைத்துவிடுவேன், கரை நெருங்கி மெதுவாகும்போது திரும்பச் செருகுவேன். படகைக் கரையோடு சேர்த்து நிறுத்தும்போது காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று திரும்பிப் பார்க்க அது உதவுகிறது, அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. குழாய்க்கும் கம்பத்துக்கும் குறுக்கே ஓட்டை போட்டு ஒரு பூட்டு ஊசி செருகி, அந்த ஊசியையும் கயிற்றில் கட்டியிருக்கிறேன். போன வாரம் மச்சான் வந்து கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தான், அசையவில்லை. "பரவாயில்லை மாமா, இனிமே கொடி முங்கணும்னா படகும் சேர்ந்து முங்கணும்" என்றான்.