மைக்கேல்சன் இன்டர்ஃபெரோமீட்டரில் வரிகள் தெளிந்து தெளிந்து மங்குகின்றன. அதிர்வா, லேசரா?

ஒளிப்பாதை:
அப்ளைடு ஆப்டிக்ஸ் எம்.டெக். ஆய்வகப் பயிற்சி, காற்றின் ஒளிவிலகல் எண்ணை அளக்க வேண்டும். 632.8 நானோமீட்டர் ஹீலியம்-நியான் லேசர், ஒளியை இரு கைகளாக (பாதைகளாக) சமமாகப் பிரிக்கும் 50:50 பீம் ஸ்ப்ளிட்டர். இரண்டும் கண்ணாடியில் பட்டுத் திரும்பிச் சேரும்போது திரையில் வெளிச்ச, இருள் வரிகள் விழும். 10 செ.மீ. காற்றறை வைத்த கை 34 செ.மீ., மற்றது 20 செ.மீ. வரிகள் நன்றாகத் தெரியும். அரை நிமிடத்தில் மெல்ல மங்கித் திரை முழுக்க ஒரே சிவப்பாகும். பிறகு தானாகவே திரும்பும். காற்றை உள்ளே விடும்போது நகரும் வரிகளின் எண்ணிக்கை பாதியில் தவறுகிறது. மவுன்ட் திருகுகளை எல்லாம் இறுக்கியாயிற்று. காற்றறை ஜன்னல்கள் ஒளியைக் குறைப்பதுதான் காரணமா?

கண்ணாடிமேசை:
ஜன்னல் காரணமில்லை. பூச்சில்லாத ஒரு பரப்பில் 4 சதவீதம் போகும். போக வர எட்டுப் பரப்புகள், மிஞ்சுவது சுமார் 72 சதவீதம். அப்படியும் கான்ட்ராஸ்ட் (வரிகளின் தெளிவு, முழுத் தெளிவு 1) 0.98-க்குக் கீழே இறங்காது.

அதிர்வா என்பதைக் கைபேசியிலேயே பார்த்துவிடலாம். ஷட்டரை 1/1000 நொடியில் வைத்து, வரிகள் மங்கியிருக்கும்போது திரையைப் படமெடுங்கள். படத்தில் வரிகள் கூர்மையாக விழுந்தால் அதிர்வு அல்லது காற்றோட்டம். படத்திலும் இல்லையென்றால் லேசரின் மோடுகள், அதாவது லேசர் ஒரே நேரத்தில் வெளியிடும் சற்றே வேறுபட்ட அதிர்வெண்கள். கையேட்டில் மோடு இடைவெளி எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்றும் பாருங்கள்.

ஒளிப்பாதை:
படத்திலும் வரி இல்லை. மோடு இடைவெளி 535.

கண்ணாடிமேசை:
அப்படியானால் விடை கிடைத்துவிட்டது. ஒளிவேகத்தை 535 மெகாஹெர்ட்ஸின் இருமடங்கால் வகுத்தால் 28 செ.மீ. குழாயின் இரு கண்ணாடிகளுக்கும் இடையே உள்ள தூரம் அது. உங்கள் கைகளின் வித்தியாசம் 14 செ.மீ.; ஒளி போய்த் திரும்புவதால் பாதை வித்தியாசம் அதே 28. இருப்பதிலேயே மோசமான இடம் இது.

நியானின் ஆதாய அகலம் (லேசர் எரியக்கூடிய அதிர்வெண் வீச்சு) சுமார் 1500 மெகாஹெர்ட்ஸ். அதற்குள் இரண்டு மூன்று மோடுகள் ஒரே நேரத்தில் எரியும். ஒவ்வொரு மோடும் தனக்கென ஒரு வரித்தொகுதியைத் திரையில் போடும். இந்தப் பாதை வித்தியாசத்தில் ஒன்றின் வெளிச்ச வரி அடுத்ததன் இருள் வரிமேல் விழுகிறது. இரண்டும் சம பலத்தில் இருக்கும்போது வரி அழியும். ஒன்று ஓங்கினால் திரும்ப வரும். குழாய் சூடேறி 0.316 மைக்ரோமீட்டர் நீளும்போதெல்லாம் இந்தச் சுற்று ஒருமுறை முடியும். அரை மணி நேரம் எரிய விட்டால் வேகம் குறையும், அடியோடு நிற்காது.

குட்டைக் கையின் கண்ணாடியை 34 செ.மீ.க்குத் தள்ளுங்கள். 1 செ.மீ. பிசகினாலும் பாதகமில்லை. மேசையில் இடமில்லையென்றால் அதை 6 செ.மீ.க்குக் கொண்டுவாருங்கள். கைகளின் வித்தியாசம் 28 ஆனால் மோடுகளின் வரிகள் மறுபடி ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். ஆனாலும் சமக் கைகளையே நான் சொல்வேன். காற்றோட்டமும் மேசைச் சூடும் அப்போதுதான் இரு பக்கமும் ஓரளவு ஒன்றாக விழும்.

நுண்துளை:
கைகளைச் சமப்படுத்தியதும் இன்னொன்றையும் கவனியுங்கள். திரும்பும் கற்றை நேராக லேசருக்குள் புகுந்தால் ஒளியின் அளவே தள்ளாடும். லேசர் வாயில் 2 மி.மீ. துளையிட்ட அட்டையை ஒட்டி, இரு கண்ணாடிகளையும் சற்றே சாய்த்து, இரண்டு புள்ளிகளும் துளைக்கு 3 மி.மீ. பக்கத்தில் ஒன்றாக விழும்படி வையுங்கள்.

வெற்றிடத்திலிருந்து அறை அழுத்தம் வரை சுமார் 85 வரிகள் நகர வேண்டும். ஊசி வால்வை லேசாகத் திறந்து இரண்டு நிமிடத்தில் நிரப்புங்கள். திரையை வீடியோ எடுத்து, பிறகு மெதுவாக ஓட்டி எண்ணுங்கள். 85-க்கு வெகு கீழே வந்தால் முதலில் கசிவைத் தேடுங்கள். காற்றை உறிஞ்சும்போது ரப்பர் குழாய் விறைத்து அறையை இழுக்கும், வரிகள் துள்ளும். அதை மேசையோடு ஒரு கிளாம்ப் போட்டுப் பிடித்துவிடுங்கள். 10 செ.மீ. என்பது ஜன்னல்களின் உள்முகங்களுக்கு இடையிலா என்றும் அளந்து பாருங்கள். 3 மி.மீ. ஜன்னல்கள் இரண்டையும் சேர்த்து அளந்திருந்தால் நீளம் மட்டுமே 6 சதவீதம் பிழை தரும்.