பழவேற்காட்டில் உப்பளவு பார்க்கத் தானியங்கிக் கருவி மட்டும் போதுமா?

உப்பங்கழி:
தமிழ்நாடு–ஆந்திர எல்லையில் கடலோடு இணைந்த உவர்நீர் ஏரியான பழவேற்காட்டில் மாதம் ஒருமுறை படகில் போய்க் குப்பியில் நீர் எடுத்து வந்து சோதிக்கும் முறையை இனியும் கண்காணிப்பு என்று சொல்ல முடியாது. வடகிழக்குப் பருவமழையில் ஆரணி ஆறும் காளங்கி ஆறும் கொண்டுவரும் வெள்ளம் சில நாட்களிலேயே உப்பைக் குறைத்துவிடுகிறது. கோடையில் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டாலோ, நீர் ஆவியாகி ஆவியாகி, லிட்டருக்குச் சுமார் 35 கிராம் என்னும் கடல்நீரின் உப்பளவையும் ஏரி தாண்டிவிடுகிறது. பாலத்துத் தூணில் உப்பு கூடக்கூட ஏறும் மின்கடத்துதிறனை அளக்கும் சென்சாரைப் பொருத்தி, 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளவு பதிவாகும்படி செய்வதே முறை.

ஓதநீர்:
மாதத்துக்கு ஒரு குப்பி போதாது என்பதை ஏற்கிறேன். ஆனால் தூணில் ஒரே ஆழத்தில் தொங்கும் சென்சார் எந்த நீரை அளக்கும்? மழைக்காலத்தில் முகத்துவார வாய்க்காலில் நன்னீர் மேலே ஓட, கனமான கடல்நீர் அடியில் ஆப்புப்போல் நுழைகிறது. மேல்மட்டத்து அளவை மட்டும் பார்த்தால், அடியில் வாழும் நண்டுக்கும் இறாலுக்கும் என்ன நேர்கிறது என்பது தெரியாது.

உப்பங்கழி:
முகத்துவாரத்துக்கு அது பொருந்தும். அங்கே இரண்டு ஆழங்களில் சென்சார் வைத்துவிடலாம். ஏரியின் பெரும்பகுதி ஆழமற்றது, காற்றே நீரைக் கலக்கிவிடும். ஆக்சிஜனையும் கணக்கில் எடுங்கள். 30 டிகிரி வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 7.6 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும், கடல்நீரோ 6.2 அளவுதான், ஆகவே உப்பளவு தெரியாமல் ஆக்சிஜன் அளவைப் படித்தால் நீர் கெட்டிருக்கிறதா, இயல்பாகவே குறைவாக இருக்கிறதா என்று பிரித்தறிய இயலாது. அந்த ஆக்சிஜன் மிகத் தாழ்வது விடியலுக்குச் சற்று முன்பு. காலை பத்து மணிக்குக் கிளம்பும் எந்தப் படகு அதைப் பிடிக்கும்?

பாட்டுக்காரன்:
இந்த ஏரியில் பாடு முறைப்படி முறைவைத்து வலை போடும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். கோடையில் ஆந்திரப் பக்கத்து வடபகுதி பல இடங்களில் வற்றித் தரையாகிவிடுகிறது, அதே நாளில் முகத்துவாரத்தின் அருகே கடல்நீர் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். பாலத்தடியில் வரும் எண்ணை ஏரி முழுவதற்குமான எண்ணாக அறிக்கையில் எழுதினால், வடக்கே வலைபோடுபவனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

ஓதநீர்:
அவர் சொல்வதோடு இன்னொன்றையும் சேர்க்கிறேன். வெதுவெதுப்பான உவர்நீரில் போட்ட சென்சாரின் மீது சில வாரங்களிலேயே பாசி படர்ந்து, பிறகு கொட்டலசு என்னும் ஓடுடைய சிற்றுயிர் ஒட்டிக்கொள்கிறது; மின்முனைகளுக்கு இடையிலுள்ள இடம் அடைபட அடைபட அளவு மெல்லச் சரியும். வரைபடத்தில் அது மழைநீர் வந்து உப்புக் குறைந்ததைப் போலவே தோன்றும். தூரிகையும் உப்பளவு தெரிந்த கரைசலும் எடுத்துக்கொண்டு ஓர் ஆள் அடிக்கடி படகில் போயே ஆக வேண்டும் என்றால், அவர் அப்படியே வடபகுதிவரை சென்று, மேல்மட்டத்திலும் அடியிலும் நீர் எடுத்து, நேரத்தையும் அப்போது கடல் ஏற்றமா வற்றமா என்பதையும் குறித்து வருவதற்கு என்ன தடை?

உப்பங்கழி:
தடை எதுவும் இல்லை. அந்த ஆளுக்கான சம்பளமும் படகுச் செலவும் திட்டத்தில் முதலிலேயே இருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காகச் சென்சாரைத் தள்ளிப்போட மாட்டேன்.

ஓதநீர்:
சென்சாரை வையுங்கள். ஆனால் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் இரண்டு அளவுகளையும் அருகருகே ஒப்பிட்டுப் பார்க்கும்வரை குப்பியைக் கைவிடுவதற்கு நான் உடன்பட மாட்டேன்.