‘செல்ஃப் கிளீன்’ பொத்தானை அழுத்தியவர்கள் எழுதுங்கள்

தொடக்கப் பகிர்வு (ஸ்காபரோ, தொடர்மாடி வீடு)

நத்தாருக்கு முதல் நாள் எங்கள் குசினியில் நடந்ததை எழுதுகிறேன். இதுபோன்ற அனுபவம் உள்ளவர்கள் தங்களுடையதையும் எழுதினால், அந்தப் பொத்தானை இனித் தொடுவதா விடுவதா என்று முடிவெடுக்க எனக்கு உதவியாக இருக்கும்.

மறுநாள் மதியம் பதினான்கு பேர் சாப்பிட வருவதாக இருந்தது. ஓவனைத் திறந்து பார்த்தால், அடித்தளத்தில் ஓராண்டுக் கோழிக் கொழுப்பும் வழிந்த கேக் மாவும் சேர்ந்து கருகி, புதிதாகத் தார் போட்ட தெருவைப் போல மினுங்கிக்கொண்டிருந்தன. இந்த வீட்டுக்கு வந்து ஆறு ஆண்டுகளாகியும் நான் ஒருபோதும் தொட்டிராத ‘செல்ஃப் கிளீன்’ பொத்தான் அப்போதுதான் கண்ணில் பட்டது. தேய்க்காமலே சுத்தமாகும் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? கம்பித்தட்டுகளைக்கூட வெளியே எடுக்காமல் அழுத்திவிட்டேன். ‘டக்’ என்ற சத்தத்துடன் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. திரை நான்கு மணி நேரம் என்று காட்டியது.

கனடாவில் வெளிக் குளிரைச் செல்சியஸிலும் ஓவன் சூட்டைப் பாரன்ஹைட்டிலும் சொல்வது நமக்கெல்லாம் பழகிவிட்ட விநோதம். கேக் 350 பாரன்ஹைட்டில் வேகிறது. கோழிக்கு 425க்கு மேல் நான் வைத்ததில்லை. இந்தப் பொத்தானோ சூட்டை 900 பாரன்ஹைட் வரை, அதாவது ஏறத்தாழ 480 செல்சியஸ் வரை கொண்டுபோய், உள்ளே ஒட்டியிருக்கும் கொழுப்பையும் சர்க்கரையையும் சாம்பலாக்கிவிடுகிறது. சுத்தம் செய்வது என்று அவர்கள் சொல்வதன் பொருள் எரிப்பது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

நாற்பது நிமிடங்கள் கழித்து, பின்வரிசை அடுப்புக்கு அடியிலுள்ள துவாரத்திலிருந்து நீலம் பாய்ந்த மெல்லிய புகை வரத் தொடங்கியது. ஐந்து நிமிடத்தில் கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது, புகை அலாரம் அலறியது. உயர்மாடி வீடு என்பதால் எங்கள் யன்னல் நான்கு விரல்கடைக்கு மேல் திறக்காது. வாசல் கதவைத் திறக்கப் போன கணவரை நான் ஓடிப்போய்த் தடுத்தேன். தாழ்வாரத்து அலாரமும் சேர்ந்து அடித்தால், அந்தக் குளிரில் இருபத்திரண்டு மாடிச் சனமும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்க வேண்டியிருக்கும். அவர் துவாயை விசிறியபடி நிற்க, நான் ‘கேன்சல்’ பொத்தானை அழுத்தினேன். சூடேறுவது நின்றது, பூட்டுத் திறக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால், ஒரு விரல் உயரத்துக்கு மஞ்சள் நெருப்பொன்று அடித்தளத்தில் அங்குமிங்கும் நகர்ந்துகொண்டிருந்தது. அது அணைய எடுத்த சில நிமிடங்களில் எனக்குத் தெரிந்த தெய்வங்கள் எல்லாவற்றையும் கூப்பிட்டுவிட்டேன்.

ஓவனுக்குக் கீழேயுள்ள இழுப்பறையில் நான் சேர்த்து வைத்திருந்த ஐஸ்கிரீம் டப்பா மூடிகள் உருகி ஒரே பலகையாக ஒட்டிக் கிடந்தன. மறுநாள் காலையில் திரை எரிந்தது, மணிக்கூடு ஓடியது, ஆனால் ஓவன் சூடாகவே இல்லை. மசாலா தடவிய இரண்டு கோழிகளையும் தட்டோடு தூக்கிக்கொண்டு, லிஃப்டில் ஒன்பதாம் மாடிக்குப் போய், பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒரு பிலிப்பினோ அம்மாவின் கதவைத் தட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தார். எங்கள் வீட்டில்தான் குளிரங்கிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டோம், ஏனென்றால் புகை மணம் போவதற்காக யன்னலை மூடாமலே வைத்திருந்தோம்.

மறுமொழி (மிசிசாகா, ஓவன் திருத்துபவர்)

அக்கா, உங்கள் ஓவனில் போனது பெரும்பாலும் பின்பக்கத் தகட்டுக்கு உள்ளே இருக்கும் வெப்ப ஃபியூஸாகத்தான் இருக்கும். காசளவே உள்ள வட்டச் சில் அது. சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டித்து வீட்டைக் காப்பாற்றுவது அதன் வேலை. பல மாடல்களில் ஒருமுறை துண்டித்துவிட்டால் மறுபடி இணையாது, புதிதாகத்தான் போட வேண்டும். அதன் விலை சிறியது. ஓவனை இழுத்து, திருப்பி, கழற்றிப் பூட்டும் கூலிதான் உங்களுக்கு நோகும். அந்த ஃபியூஸை நேரடியாகக் கம்பியால் இணைத்துவிட்டால் போதும் என்று யாராவது ஆலோசனை சொன்னால் தயவுசெய்து கேட்க வேண்டாம். அது போனதற்கான காரணத்தைத் தேடாமல் காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுவதற்குச் சமம் அது.

ஒக்டோபரில் நன்றியறிதல் நாளுக்கு முந்திய வாரமும் நத்தாருக்கு முந்திய வாரமும் என் கைத்தொலைபேசி ஓயாது. விருந்தினர் வருகிறார்கள், பொத்தானை அழுத்துகிறார்கள், ஓவன் படுத்துவிடுகிறது. சமையலில் ஓராண்டு முழுவதும் படாத சூட்டை அந்த ஓவன் அன்று நாலு மணி நேரம் தாங்க வேண்டியிருக்கிறது. பூட்டை நகர்த்தும் சிறு மோட்டாரும், கட்டுப்பாட்டுப் பலகையும், ஃபியூஸும் அதில்தான் பலவீனத்தைக் காட்டுகின்றன. அடியில் சூட்டுக்கம்பி தெரியாதபடி மூடிச் செய்த புதிய மாடல்களில் சூடு உள்ளேயே தேங்குவதால் இது இன்னும் கூடுதல் என்பது என் கைப்பட்ட அனுபவம். கம்பெனிக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எதற்கும் இரண்டு வாரம் முன்னதாகச் செய்யுங்கள். பழுதானாலும் திருத்த நேரம் இருக்கும்.

நெருப்பைக் கண்டதும் நீங்கள் கதவோடு மல்லுக்கட்டாமல் விட்டது நல்லது. பூட்டாத ஓவனில் சமைக்கும்போது கொழுப்புத் தீப்பிடித்தாலும் முறை அதேதான்: சூட்டை நிறுத்திவிட்டு, கதவை மூடியபடியே விட வேண்டும். காற்றுப் போகாவிட்டால் நெருப்புத் தானாக அடங்கும். திறந்தால் முகத்துக்கு நேரே வரும். வெளியே பரவினாலோ அடங்கத் தாமதித்தாலோ 911ஐ அழைத்துவிட்டு வெளியேறுங்கள்.

மறுமொழி (மார்க்கம்)

இதை எழுத இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் வீட்டில் ஒரு சோடி பட்ஜி கிளிகள் இருந்தன. பச்சை ஒன்று, நீலம் ஒன்று. மகன் பத்தாவது பிறந்தநாளுக்குக் கேட்டு வாங்கியவை. குசினிக்கும் இருப்பறைக்கும் நடுவே சுவர் இல்லாத வீடு என்பதால் கூடு அடுப்பிலிருந்து பதினைந்தடி தூரத்தில்தான் இருந்தது. சனிக்கிழமை காலை மனைவி அந்தப் பொத்தானை அழுத்தினார். எங்களுக்குப் பெரிதாகப் புகை எதுவும் தெரியவில்லை, இலேசான மணம் மட்டும். ஒரு மணி நேரத்தில் நீலக் கிளி கம்பியிலிருந்து இறங்கிக் கூட்டின் தரையில் உட்கார்ந்து, வாயைத் திறந்து, வாலை மேலும் கீழும் அசைத்து மூச்சு வாங்கியது. விலங்கு மருத்துவரிடம் கொண்டுபோகக் காரில் ஏற்றுவதற்குள் அது போய்விட்டது. பச்சை, அன்று மாலை.

பறவையின் நுரையீரலில் காற்று ஒருவழிப் பாதையாகப் போவதாகவும், காற்றிலுள்ள உயிர்வளியை நம்மைவிடத் திறமையாக இழுத்துக்கொள்ளும் அதே அமைப்பு நஞ்சையும் இழுத்துக்கொள்வதாகவும் மருத்துவர் விளக்கினார். பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களில் 1980கள் வரை கனேரிக் குருவிகளை வைத்திருந்ததும் இதனால்தானாம். ஓவனுக்குள் ஏதாவது இருந்ததா என்று அவர் கேட்டபோதுதான் மனைவியின் முகம் மாறியது. இடமில்லாத வீடுகளில் எல்லோரும் செய்வதுபோல நாங்களும் ஓவனை அலுமாரியாகப் பாவித்தோம். டெஃப்லான் பூசிய தோசைத் தாச்சி பின்மூலையில் இருந்திருக்கிறது. அந்தப் பூச்சு 260 செல்சியஸைத் தாண்டினாலே சிதையத் தொடங்கும். 480இல் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அன்றிரவு கையேட்டை எடுத்துப் பார்த்தேன். இந்தச் சுற்றின்போது வரும் புகை சில பறவைகளைக் கொல்லக்கூடும், ஆகவே அவற்றைக் காற்றோட்டமுள்ள வேறு மூடிய அறைக்கு மாற்றுங்கள் என்று தெளிவாகவே அச்சிட்டிருக்கிறார்கள். வாங்கிய நாளிலிருந்து அந்தக் கையேடு ஓவனுக்குக் கீழே இழுப்பறையில்தான் கிடந்தது.

மறுமொழி (பிராம்டன்)

என்னுடையது சிறிய கதை. சொட்டும் நெய் பிடிக்கட்டும் என்று ஓவன் அடித்தளம் முழுவதும் அலுமினியத் தாள் விரித்திருந்தேன். அதை எடுக்காமலே செல்ஃப் கிளீன் போட்டேன். தாள், அடியிலிருந்த பீங்கான் பூச்சோடு ஒன்றாகிவிட்டது. கத்தியால் சுரண்டிப் பார்த்ததில் பூச்சும் சேர்ந்து உரிந்தது. வெள்ளித் திட்டுகளோடு நிலாப் படம்போல இருக்கிறது; வருகிறவர்கள் எல்லாம் என்ன இது என்று கேட்கிறார்கள்.

மறுமொழி (ஜெர்மனி, டோர்ட்முண்ட்)

எல்லோரும் பயமுறுத்துவதால் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும். இங்கே இதைப் பைரோலிசிஸ் என்பார்கள். என் ஓவனுக்குப் பதினோரு வயது; ஆண்டுக்கு மூன்று முறை செய்கிறேன், இதுவரை எந்தப் பழுதும் இல்லை. ஆனால் நான் செய்வதற்கும் மேலே படித்தவற்றுக்கும் வித்தியாசம் உண்டு. முதலில் கம்பித்தட்டு, தட்டு, பக்கச் சட்டம் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுவேன். அவை அந்தச் சூட்டில் பளபளப்பை இழந்து, பிறகு இழுத்தால் கிரீச்சிடும். பிறகு ஈரத்துணியால் கொழுப்பை வழித்தெடுப்பேன். புகையாவது அந்தக் கொழுப்புத்தான். அதை எடுத்துவிட்டால், மெல்லிய படிவம் மட்டுமே எரிகிறது. கதவைச் சுற்றியுள்ள கயிறு போன்ற பின்னலை மட்டும் தேய்க்க மாட்டேன். அது கண்ணாடி இழை. நைந்தால் சூடு கசியும். சந்தையில் கிடைக்கும் காரமான ஓவன் திரவங்களையும் பாவிப்பதில்லை, மிச்சம் ஒட்டியிருந்தால் அந்தச் சூட்டில் பூச்சை அரித்துவிடும்.

மேலே ஒரு சகோதரர் சொன்ன பறவை விடயம் எனக்குப் புதிது, படித்ததும் மனம் கனத்தது. எங்கள் வீட்டில் பறவை இல்லை. ஆனால் மூத்த மகளுக்கு ஆஸ்துமா இருப்பதால் வெயில் நாளாகப் பார்த்து, எல்லா யன்னல்களையும் திறந்து, பிள்ளைகளைப் பூங்காவுக்கு அனுப்பிவிட்டுத்தான் தொடங்குவேன். நானோ கணவரோ ஒருவர் வீட்டிலேயே இருப்போம், இரவில் போட்டுவிட்டுப் படுப்பதில்லை. முடிந்ததும் அடியில் மிஞ்சுவது ஒரு மேசைக்கரண்டி சாம்பல். அதைத் துடைத்தெடுக்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சியை, மன்னிக்கவும், நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

தொடக்கப் பகிர்வாளர் மீண்டும்

எல்லோருக்கும் நன்றி. திருத்துபவர் வந்து போனார். தம்பி சொன்னதுபோலவே வெப்ப ஃபியூஸ்தான். புதிதாகப் போட்டுத் தந்தார். போகும்போது பழையதை என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஒரு சட்டைப் பொத்தானை விடக் கொஞ்சம் பெரிது, ஓரத்தில் மட்டும் நிறம் மாறியிருந்தது.

டோர்ட்முண்ட் அக்கா, நீங்கள் சொல்லும் ஒழுங்கு என்னிடம் இல்லை, யன்னலும் நான்கு விரல்கடைதான் திறக்கும். அப்பச்சோடாவைத் தண்ணீரில் குழைத்து இரவு பூசிவிட்டு, காலையில் பிளாஸ்டிக் கரண்டியால் வழித்து, வினாகிரி தெளித்துத் துடைக்கிறேன். இரண்டு மணி நேரம் பிடிக்கிறது, முழங்கால் நோகிறது, மூலைகள் கறுப்பாகத்தான் இருக்கின்றன. ஒன்பதாம் மாடி அம்மாவுக்கு இன்று அதில்தான் ஒரு வெண்ணெய்க் கேக் போட்டிருக்கிறேன். அவர் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.