நகராட்சியைப் பிரித்தால் பழைய கடன் யார் தலையில்?

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு நகராட்சியின் பகுதியைப் பிரித்துச் சட்டம் வழியாகப் புதிய நகராட்சி அமைப்பது பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். பாதியில் சிக்கிக்கொண்டேன்.

பிரேசிலை உதாரணமாக எடுத்திருக்கிறேன். 1996ஆம் ஆண்டு அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பின் அங்கே மாநிலச் சட்டம் மட்டும் போதாது. பிரிகிற பகுதியினர் மட்டுமல்லாமல், சம்பந்தப்பட்ட நகராட்சிகளின் மக்கள் அனைவரும் வாக்களிக்க வேண்டும். பயீயா மாநிலத்தில் பாரெய்ராசிலிருந்து 2000இல் பிரிந்த லூயிஸ் எட்வார்டோ மகல்யாய்ஸ் நகராட்சியை அமைத்த மாநிலச் சட்டம் அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 2007இல் உச்ச நீதிமன்றம் சொல்லியது. ஆனால் 24 மாதங்களுக்கு அதை ரத்து செய்யாமல் விட்டுவைத்தது. 2008இல் இன்னொரு திருத்தம் வந்து காப்பாற்றியது. ஏழு வருடம் வரி வசூலித்த ஊரை இல்லை என்று எப்படிச் சொல்வது!

என் சிக்கல் பங்கீட்டில்தான். குடிநீர்த் தொட்டி பழைய ஊரில், குழாய்கள் புதிய ஊரில் என்றால் எது யாருக்கு? பழைய கடனை மக்கள்தொகைப்படி பிரிப்பதா, வரி வருவாய்ப்படியா? ஓய்வுபெற்ற ஊழியரின் ஓய்வூதியத்தை யார் தருவது? எந்த நாட்டுச் சட்டமானாலும் சரி, இதற்கான பிரிவுகளைப் படித்தவர்கள் பிரிவு எண்ணோடு சொன்னால் பேருதவி. பொதுவான கருத்துகள் வேண்டாம், அவை என்னிடமே நிறைய இருக்கின்றன.