ஃபில்லட் வெல்டுக்குத் தமிழ்: ‘மூலை’ வேண்டாம், ‘அணைவு’ எப்படி?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். டிராக்டர் டிரெய்லர்களும் மாங்கூழ் ஆலைகளுக்கு ஸ்டாண்டுகளும் செய்கிற பட்டறை எங்களுடையது. ஃபில்லட் வெல்டுக்கு, அதாவது இரண்டு தகடுகள் சேரும் உள் இடுக்கில் சரிவாகப் போடும் பற்றவைப்புக்கு, தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் வந்த மடல்களை ஒன்று விடாமல் படித்தேன். இத்தனை பேர் ஒரு வெல்டிங் சொல்லுக்காக நேரம் செலவிடுவது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அதனால்தான் மாறுபடும் இடத்தையும் திறந்து சொல்லத் தோன்றுகிறது.

> ஃபில்லட் வெல்டு என்பது மூலையில் போடுவதுதானே? ‘மூலைப் பற்றவைப்பு’ என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

ஐயா, விளங்கும். ஆனால் தவறாக விளங்கும். இரண்டு தகடுகள் ஒன்றுக்கொன்று எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்பது ஒரு கேள்வி. அவற்றைப் பிடித்து வைக்கும் உலோகம் என்ன வடிவத்தில் நிற்கிறது என்பது வேறு கேள்வி. முன்னது ஜாயிண்ட், பின்னது வெல்டு. ஜாயிண்ட் அடிப்படையில் ஐந்து: பட் (விளிம்போடு விளிம்பு முட்டுவது), லேப் (ஒன்றன் மேல் ஒன்று ஏறுவது), டி (ஒன்றின் நடுவில் இன்னொன்று நிற்பது), கார்னர் (இரண்டும் ஓரத்தில் சேர்ந்து மூலையாவது), எட்ஜ் (அடுத்தடுத்துப் படிந்த தகடுகளின் விளிம்புகள் சேர்வது). இவற்றில் லேப், டி, கார்னர் மூன்றிலும் ஃபில்லட் வரும். கார்னர் ஜாயிண்டுக்கு ‘மூலை இணைப்பு’ என்று நாமே போன வாரம் முடிவு செய்துவிட்டோம். அதே மூலையை வெல்டுக்கும் கொடுத்தால் படிக்கிற பிள்ளை என்ன செய்வான்?

என் பட்டறையிலேயே இது நடந்தது. ஐ.டி.ஐ. முடித்துப் புதிதாகச் சேர்ந்த தம்பியிடம் டிரெய்லர் அடிச்சட்டத்தைக் காட்டி, “மூலையெல்லாம் பத்த வெச்சுடுப்பா” என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். சட்டத்தின் நான்கு மூலைகளையும் அவன் அழகாக முடித்திருந்தான். நடுவில் குறுக்கே வரும் ‘ப’ வடிவ இரும்புச் சேனல்கள் டாக்கோடு, அதாவது தற்காலிகமாக வைத்த பொட்டுப் பற்றவைப்போடு, நின்றன. நான் நினைத்த மூலை, சேனலும் பக்கச் சட்டமும் சேரும் உள் இடுக்கு. சட்டத்தைப் புரட்டிப் போட்டபோது இரண்டு டாக் விட்டுக்கொண்டன. யார் மேலும் விழவில்லை. தவறு அவன் கையில் இல்லை, என் சொல்லில் இருந்தது.

> குறுக்குவெட்டில் முக்கோணமாக இருப்பதால் ‘முக்கோணப் பற்றவைப்பு’.

இதற்கு ஒரு நல்ல ஆதாரம் உண்டு. வரைபடத்தில் ஃபில்லட்டுக்கான குறியே செங்கோண முக்கோணம்தான். ஆனால் வி வடிவில் விளிம்பைச் சாய்த்து நிரப்பும் வெல்டின் குறுக்குவெட்டும் முக்கோணம்தானே? அங்கே குழம்பும். இன்னொரு குறை, இந்தச் சொல்லிலிருந்து வினை பிறக்காது. பட்டறையில் பெயரைவிட வினைதான் அதிகம் புழங்கும்: தேய், வெட்டு, பத்த வை, டாக் வை. வினையாக மாறாத சொல் பாடப்புத்தகத்தைத் தாண்டி வராது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட் ஜாயிண்டுக்கு ‘முட்டு இணைப்பு’ எனக்கு முழுச் சம்மதம். இரண்டு விளிம்பும் முட்டி நிற்கின்றன, அவ்வளவுதான். லேப்புக்கு ‘மேலேற்று இணைப்பு’. “ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி வை” என்றுதான் கூரைத் தகடு போடுகிறவர்களும் சொல்கிறார்கள். எட்ஜுக்கு ‘விளிம்பு இணைப்பு’. டி ஜாயிண்டுக்கு ஓர் அக்கா ‘ட-இணைப்பு’ என்று எழுதியிருந்தார். அக்கா, ‘ட’வைத் தாளில் எழுதிப் பாருங்கள். ஒரு கோடு நிற்கிறது, இன்னொன்று அதன் அடியில் ஒரு பக்கமாகப் போகிறது. அது கார்னர் ஜாயிண்டின் படம்! ‘நட்டிணைப்பு’ என்று நானே ஒன்று யோசித்தேன், நடுகல் போல ஒரு தகடு நட்டு நிற்கிறதே என்று. தருமபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கும் நடுகற்கள்தான் நினைவுக்கு வந்தன. ஆனால் பட்டறையில் நட்டு என்றால் போல்ட்டுக்கு மாட்டும் நட்டு. விட்டுவிட்டேன். ‘டி இணைப்பு’ என்றே இருக்கட்டும். எல்லோர் வாயிலும் இருக்கும் சொல்லைப் பிடுங்க வேண்டியதில்லை.

முன்பு சொன்ன, விளிம்பைச் சாய்த்து நிரப்பும் குரூவ் வெல்டுக்குக் ‘காடிப் பற்றவைப்பு’ என்பதை வலுவாக ஆதரிக்கிறேன். தச்சர்கள் காலங்காலமாகக் காடி எடுக்கிறார்கள். 3 மி.மீ. தகட்டை அப்படியே முட்டவைத்துப் பற்றவைக்கலாம். 10 மி.மீ. தகட்டில் அப்படிச் செய்தால் மேலே மட்டும் பிடித்து உள்ளே சேராமல் நிற்கும். ஒவ்வொரு விளிம்பையும் 30 பாகை சாய்த்துத் தேய்த்து, சேர்த்தால் 60 பாகை வாய் வரும்படி வைத்து, அடியிலிருந்து நிரப்பி வர வேண்டும். “வி எடு” என்பதற்குப் பதில் “காடி எடு” என்றால் எங்கள் ஆட்கள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இப்போது ஃபில்லட். எங்கள் பக்கம் கரும்புக்கும் வாழைக்கும் மஞ்சளுக்கும் மண் அணைப்பார்கள். செடி நிற்கிறது, நிலம் படுத்திருக்கிறது, இரண்டும் சேரும் இடத்தில் மண்ணை இழுத்துச் சரிவாக ஒட்ட வைக்கிறோம். செடி சாயாமல் நிற்கிறது. ஃபில்லட் வெல்டு செய்வதும் அதே வேலைதான்: நிற்கும் தகட்டின் அடியில் உலோகத்தைச் சரிவாகச் சேர்த்துப் பிடித்து வைப்பது. ஆகவே ‘அணைவுப் பற்றவைப்பு’ என்று முன்வைக்கிறேன். சுருக்கமாக ‘அணைவு’.

எதிர்ப்பு வரும் என்று தெரியும். முதலாவது, நெருப்போடு புழங்கும் தொழிலில் ‘அணை’ என்றால் தீயை அணைப்பதாகிவிடாதா? அதனால்தான் ‘அணைப்பு’ என்று வைக்காமல் ‘அணைவு’ என்று வைத்தேன். தீயணைவு என்று யாரும் சொல்வதில்லை. இரண்டாவது, பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் ‘அணைவுச் சேர்மங்கள்’ இருக்கிறதே? இருக்கட்டும். அங்கும் நடுவிலுள்ள உலோக அயனியை மற்றவை ஒட்டி அணைந்து நிற்கின்றன, பொருள் ஒத்துத்தான் போகிறது. சேர்மமும் பற்றவைப்பும் ஒரே பக்கத்தில் வந்து மோதப் போவதில்லை.

அணைவு என்று வைத்துக்கொண்டால் அளவுகளைச் சொல்வதும் எளிது. தகட்டோடு ஒட்டிய இரு பக்கங்களும் ‘கால்’. இடுக்கின் உள்முனையிலிருந்து சரிவுக்கு உள்ள மிகக் குறைந்த தூரம் ‘கழுத்து’. இரு கால்களும் சமமாகவும் தகடுகள் செங்கோணத்திலும் இருந்தால் கழுத்து, காலின் 0.707 பங்கு. 6 மி.மீ. காலுக்குச் சுமார் 4.2 மி.மீ. கழுத்து. வெல்டின் வலுவைக் கணக்கிடுவது இந்தக் கழுத்தை வைத்துத்தான். காலை 6-இலிருந்து 12 ஆக்கினால் வலு கணக்கில் இரண்டு மடங்கு, உலோகமோ நான்கு மடங்கு. “பெருசா போட்டா கெட்டி” என்று ராடை, அதாவது உருகிச் சேரும் வெல்டிங் குச்சியை, கொட்டுகிறவர்களுக்கு இதைத் தமிழில் சொல்லிப் புரியவைத்தால் ராடும் மிச்சம், சூட்டில் தகடு முறுக்கிக்கொள்வதும் குறையும்.

அந்தத் தம்பியிடம் போன வாரம், “சேனலை ரெண்டு பக்கமும் அணைச்சு விடு, கால் ஆறு” என்றேன். ஒரு கணம் யோசித்தான். பிறகு குனிந்து உள் இடுக்கில் ராடை வைத்தான்.

ஒன்று பாக்கி இருக்கிறது. சரிவு வந்து தகட்டில் முடிகிற கோட்டுக்கு, அதாவது ‘டோ’வுக்கு, ‘விரல்’ என்று ஒரு மடலில் இருந்தது. அண்டர்கட், அதாவது வெல்டை ஒட்டித் தகடு உருகிப் பள்ளமாகும் குறை, விழுவது அந்த இடத்தில்தான், அதனால் சொல் தெளிவாக இருக்க வேண்டும். ‘கரை’ என்றால் பொருந்துமா? ஓசூர்ப் பக்கம் வாகனத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிற உறுப்பினர்கள் அங்கே என்ன சொல் புழங்குகிறது என்று எழுதினால் நல்லது.

அன்புடன்,
காவேரிப்பட்டணத்துப் பட்டறைக்காரன்