35 தலைக்கட்டும் ஒரு வெள்ளிக்கிழமையும்

(எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஞாயிறு இரவு நடந்த பேச்சு. கொடை என்பது எங்கள் கோயில் திருவிழா. தலைக்கட்டு என்பது அதற்கு வரி கொடுக்கும் ஒரு வீடு. பெயர்கள் என் போனில் இருக்கிற மாதிரியே. இடையில் வந்த படங்களையும் கைகூப்புகளையும் மட்டும் எடுத்துவிட்டேன்.)

இரவு 7.40

அம்பை மாமா: எல்லாருக்கும் வணக்கம். கொடைக்கு எந்த வெள்ளி என்று வைத்த ஓட்டு முடிந்தது. சித்திரை கடைசி வெள்ளி 14. வைகாசி கடைசி வெள்ளி 11. ஆடி இரண்டாம் வெள்ளி 10. 35 தலைக்கட்டும் போட்டாச்சு. நாளைக் காலையில் கணியான் கூத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கணும். வில்லுப்பாட்டுக்கும் சொல்லணும். சித்திரை என்று சொல்லிவிடவா?

தென்காசி அத்தை: சித்திரை கடைசி என்றால் கத்திரி வெயில். பந்தல் போட்டாலும் கோயில் மணலில் கால் வைக்க முடியாது. ஆனாலும் 14 வீடு கேட்கிறது, பெரும்பான்மைதானே. சரி.

தம்பி (டல்லாஸ்): அத்தை, 14 கூடுதல் ஓட்டு. பெரும்பான்மை இல்லை. 35-இல் பாதிக்கு மேல் என்றால் 18 வேண்டும். மீதி 21 வீடு வேறு நாளைத்தான் கேட்டிருக்கிறது.

அம்பை மாமா: மருமகனே, பஞ்சாயத்துத் தேர்தலில் கூடுதல் ஓட்டு வாங்கினவர்தானே ஜெயிக்கிறார்? அவர் பாதியைத் தாண்டினாரா என்று யார் பார்க்கிறார்கள்?

தம்பி (டல்லாஸ்): ஜெயிக்கிறார் மாமா, அதில் தப்பில்லை. எம்எல்ஏ, எம்பி தேர்தலும் அப்படித்தான். ஆனால் இரண்டும் ஒன்றில்லை. இங்கே அமெரிக்காவில் அதற்கென்று தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். பாதியைத் தாண்டினால் மெஜாரிட்டி. தாண்டாமல், மற்ற எல்லாரையும் விடக் கூடுதலாக வாங்கினால் ப்ளூராலிட்டி. 1992-இல் கிளின்டன் வாங்கியது 43 சதவீதம், புஷ் 37, பெரோ 19. லிங்கன் 1860-இல் வாங்கியது 40-க்கும் கீழே. இன்னும் ஒன்று, 1824-இல் ஆண்ட்ரூ ஜாக்சன், ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் ஓட்டில் 99 வாங்கி முதலில் வந்தார். வேண்டியது 131. யாரும் பாதியைத் தாண்டாததால் முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போனது. அங்கே இரண்டாவதாக வந்த ஜான் குவின்சி ஆடம்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள்.

தங்கச்சி: அண்ணா, எங்கள் வகுப்பில் ப்ளூராலிட்டி என்றால் வேறு. பல மொழி, பல மதம், பல வழக்கம் ஒரே ஊரில் சேர்ந்து இருப்பது. பன்மைத்துவம் என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். அதற்கும் ஓட்டுக்கும் என்ன சம்பந்தம்?

பாளை பெரியப்பா: நல்ல கேள்வி கேட்டாய் பிள்ள. லத்தீனில் 'ப்ளூஸ்' என்றால் 'கூடுதல்'. நீ கணக்கில் போடும் கூட்டல் குறியின் பெயரும் அதுதான். அந்த வேரில் இருந்து வந்த சொல் இது. 'ஒன்றுக்கு மேல்' என்று எடுத்தால் இலக்கணத்துப் பன்மை, உன் வகுப்புப் பன்மைத்துவம். 'மற்றதை விடக் கூடுதல்' என்று எடுத்தால் உன் அண்ணன் சொல்லும் ஓட்டுக் கணக்கு.

பாளை பெரியப்பா: தமிழில் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பன்மையும் பெரும்பான்மையும் காதுக்கு ஒன்று போல இருக்கும், வேர் வேறு. பல் + மை = பன்மை. பல என்பதில் வரும் பல். பெரும்பான்மையில் இருப்பது பான்மை, அது பால் + மை. பால் என்றால் பகுதி. அறத்துப்பால், பொருட்பால் என்கிறோமே, அந்தப் பால். பெரும்பான்மை என்றால் பெரிய பங்கு, அவ்வளவுதான். பாதிக்கு மேல் என்ற கணக்கு பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அதனால் அத்தை சொன்னதும் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று பங்கில் பெரிய பங்கு சித்திரைக்குத்தான்.

நான்: பெரியப்பா, அப்படியானால் 14 வீட்டு முடிவை 35 வீட்டு முடிவு என்று எழுதலாமா? நோட்டீஸ் அடிக்கும்போது 'குடும்பத்தார் ஏகமனதாக' என்றுதான் மாமா போடுவார். அதுதான் எனக்கு இடிக்கிறது.

பாளை பெரியப்பா: எழுதக் கூடாது மகளே. கூடுதல் ஓட்டு என்று எழுதலாம்.

நாசரேத் சித்தப்பா: அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கிறிஸ்தவ சபை வரலாற்றில் ப்ளூராலிட்டிக்கு மூன்றாவது பொருள் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் ஒரே குருவானவர் இரண்டு மூன்று சபைகளின் பதவியைச் சேர்த்து வைத்துக்கொண்டு எல்லாவற்றின் வருமானத்தையும் வாங்குவார். அதற்கும் இதே பெயர்தான். கார்டினல் வுல்சி யார்க்கில் பேராயராக இருந்துகொண்டே வேறு மறைமாவட்டங்களையும் கையில் வைத்திருந்தார். பல சபையில் மேய்ப்பன் முகத்தையே ஜனங்கள் பார்த்தது கிடையாது. 1838-இல் சட்டம் போட்டுத்தான் அதைக் கட்டுப்படுத்தினார்கள்.

நாசரேத் சித்தப்பா: கொடை விஷயத்தில் நீங்கள் எல்லாரும் சேர்ந்து எந்த வெள்ளியை முடிவு செய்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

இரவு 8.05

பாளை பெரியப்பா: தம்பி, நீர் எழுதியதில் ஒரு சொல் எனக்கு உறுத்துகிறது. 'நீங்கள் எல்லாரும்' என்று போட்டிருக்கிறீர். 'நாம்' என்று ஏன் வரவில்லை?

நாசரேத் சித்தப்பா: அண்ணே, ஓட்டு 35 தலைக்கட்டுக்குத்தானே. அதில் என் வீடு இல்லை. எங்கள் தாத்தா சபையில் சேர்ந்ததில் இருந்தே இல்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது.

தங்கச்சி: பெரியப்பா சித்தப்பாவை 'நீர்' என்கிறார். கல்லூரியில் சென்னைப் பிள்ளைகளிடம் 'நீர்' என்றால் சண்டைக்கு வந்தது போல விழிக்கிறார்கள்.

பாளை பெரியப்பா: நம் பக்கத்தில்தான் அது இன்னும் பேச்சில் உயிரோடு இருக்கிறது பிள்ள. நீ என்றால் குறைவு, நீங்கள் என்றால் விலகி நிற்கிறது. ஒட்டிப் பழகினவரை மரியாதை குறையாமல் கூப்பிட நீர், வாரும், சொல்லும். இதுவும் பன்மைக் கதைதான். பழைய தமிழில் நீர் என்பது பலரைக் குறிக்கும் சொல். ஒருவரையே மரியாதைக்குப் பலராக்கிக் கூப்பிட்டார்கள். அது ஒருமையாகவே தேய்ந்துபோனதும், கள் சேர்த்து நீங்கள் என்று பலரைக் கூப்பிட்டார்கள். இப்போது அதுவும் ஒருவருக்கே போகிறது. அவரும் அவர்களும் அதே வழியில் வந்தவைதான். ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல், இலக்கண முறை அன்று என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. அவ்வளவு பழைய பழக்கம்.

பாளை பெரியப்பா: வடமொழியில் இரண்டுக்குத் தனி எண் உண்டு, இருமை என்பார்கள். அங்கே பன்மை மூன்றில் தொடங்கும். நமக்கு இரண்டே பன்மைதான். ஆனால் மாடு, தேங்காய் என்றால் கள் போடாமலே விட்டுவிடுவோம். அம்பை மாப்பிள்ளை சாமான் சீட்டில் '101 தேங்காய்' என்றுதான் எழுதுவார், '101 தேங்காய்கள்' என்று எழுத மாட்டார். எண்ணே சொல்லிவிட்டதே.

நான்: நாம், நாங்கள் இரண்டையும் சொல்லுங்கள் பெரியப்பா. என் பையனுக்குப் பள்ளியில் இரண்டுக்கும் ஒரே இங்கிலீஷ் சொல்லைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, தமிழில் மாற்றி எழுதினான் என்று மதிப்பெண் குறைத்தார்கள். அவனுக்கு இன்னும் புரியவில்லை.

பாளை பெரியப்பா: பையனைக் கூப்பிட்டு இப்படிக் கேள். 'நாங்கள் குற்றாலம் போகிறோம்' என்று உன் நண்பன் சொன்னால் நீ துண்டை எடுப்பாயா? எடுக்க மாட்டாய். 'நாம் குற்றாலம் போகிறோம்' என்றால் எடுப்பாய். கேட்பவனை உள்ளே சேர்த்தால் நாம், வெளியே நிறுத்தினால் நாங்கள். இங்கிலீஷ்காரருக்கு இரண்டும் ஒன்றுதான். தெலுங்கில் மனமு, மேமு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். மலையாளத்தில் நம்மள், ஞங்ஙள். கன்னடத்தில் இப்போது நாவு ஒன்றே இரண்டுக்கும்.

பாளை பெரியப்பா: இதை ஊன்றிப் பார்த்து எழுதினவர் நம் சீமையில் இருந்த மிஷனரி கால்டுவெல். 1838-இல் சென்னைக்குக் கப்பலில் வந்து, 1841-இல் இடையன்குடி செம்மணல் தேரிக்கு வந்து சேர்ந்தார். 1856-இல் வந்த அவருடைய திராவிட மொழி ஒப்பிலக்கணத்தில் இந்த இரட்டைப் பன்மை பற்றிப் பேசியிருக்கிறார். கேட்பவரையும் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் முடிவெடுக்க வைக்கிற மொழி இது. பனங்காட்டு ஜனங்கள் பேசுவதைத் தினமும் கேட்டவர், பிடித்துக்கொண்டார். கொடைக்கானலில் இறந்தாலும் இடையன்குடிக் கோயிலில்தான் அடக்கம் செய்தார்கள்.

நாசரேத் சித்தப்பா: என் சின்ன வயதில் அப்பா கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார்.

பாளை பெரியப்பா: உமக்கு ஒன்று காட்டுகிறேன் தம்பி, இரும்.

பாளை பெரியப்பா: (புகைப்படம்)

நான்: இது தாத்தாவின் வரி நோட்டு. ஓரம் எல்லாம் எண்ணெய் பட்டுப் பழுத்திருக்கிறது. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் 'வகையறா' என்று எழுதி, எதிரில் தொகை இருக்கிறது. கடைசி வரி மட்டும் வேறு மாதிரி.

பாளை பெரியப்பா: வகையறா என்பதும் ஒரு பன்மைதான். அரபியில் இருந்து உருது வழியாக வந்த சொல், 'மற்றும் பிறர்' என்று பொருள். ஒரு பெயரைச் சொன்னால் அவர் பிள்ளை, பேரன் எல்லாரும் அடக்கம். கடைசி வரியைப் பெரிதாக்கிப் பாரும் தம்பி. உம் தாத்தா பெயர், வகையறா, எதிரில் தொகைக்குப் பதில் ஒரு கோடு. அடிக்கவில்லை. பெயரை எடுக்கவும் இல்லை. சபையில் சேர்ந்த பிறகும் வருஷா வருஷம் அந்த வரியைப் புதிதாக எழுதி, கோடு போட்டு வைத்திருக்கிறார் என் அப்பா. 35 என்று எண்ணினது நாங்கள் செய்த தப்பு. நோட்டில் இருப்பது 36.

தென்காசி அத்தை: கோயில் கிணறே அவர்கள் வெட்டியதுதானே. சுவரில் பெயர் இருக்கிறது. அந்தத் தண்ணீரில்தான் இன்றைக்கும் பொங்கல் வைக்கிறோம்.

நாசரேத் சித்தப்பா: அண்ணே, நான் வெளிப்படையாகச் சொல்கிறேன். சாமி முன்னால் நிற்க மாட்டேன். படைத்ததைச் சாப்பிட மாட்டேன். அது என் விசுவாசம்.

பாளை பெரியப்பா: நிற்கச் சொல்லவில்லை. படைக்காமல் தனியாகப் பொங்கிய சோறு ஒரு பந்தி எப்போதும் உண்டு. உம் அப்பா அதில் உட்கார்ந்து சாப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

இரவு 8.30

அம்பை மாமா: எல்லாம் சரி, எனக்கு ஒரு வெள்ளி சொல்லுங்கள்.

தம்பி (டல்லாஸ்): ஆடியைக் கேட்ட 10 வீட்டிடமும், ஆடி இல்லை என்றால் எது என்று கேட்டுப் பார்க்கலாம். நான் ஆடிதான் போட்டேன். எனக்கு அடுத்தது வைகாசி, அதற்குள் இங்கே பள்ளி விடுமுறை வந்துவிடும்.

பாளை பெரியப்பா: நம் நாட்டில் ஜனாதிபதி தேர்தல் அப்படித்தான். 1969-இல் நான் பத்தாவது படித்தேன், ரேடியோவைச் சுற்றி ஊரே நின்றது. முதல் எண்ணிக்கையில் வி.வி. கிரி 4,01,515, சஞ்சீவ ரெட்டி 3,13,548. கிரிதான் முன்னால், ஆனால் வேண்டியது 4,18,169. இரண்டாம் விருப்ப ஓட்டை எண்ணித்தான் கிரி ஜெயித்தார். கேளு மகளே.

இரவு 9.35

நான்: பத்து வீட்டுக்கும் போன் போட்டுவிட்டேன். 7 வீடு வைகாசி, 3 வீடு சித்திரை. அப்படியானால் வைகாசி 18, சித்திரை 17.

அம்பை மாமா: முதலில் வந்தது கீழே போய்விட்டதே! சரி, 35-இல் 18 பாதிக்கு மேல். வைகாசி.

தம்பி (டல்லாஸ்): மாமா, 36 தலைக்கட்டு என்றால் 18 சரிபாதிதான். 19 வேண்டும்.

தென்காசி அத்தை: நாசரேத் தம்பி, இன்னும் போடாத வீடு உங்கள் வீடு ஒன்றுதான்.

நான்: சித்தப்பா?

நான்: சித்தப்பா டைப் செய்துகொண்டே இருக்கிறார், அழித்து அழித்து எழுதுகிறார் போல.

இரவு 9.52

நாசரேத் சித்தப்பா: வைகாசி. அந்த வாரம் மகன் ஊருக்கு வருகிறான், அவனையும் கூட்டி வருகிறேன். கிணற்றை அவன் பார்த்ததே இல்லை. வரி எவ்வளவு என்று சொல்லுங்கள் மாப்பிள்ளை, நாளைக்கே அனுப்பிவிடுகிறேன்.

அம்பை மாமா: தலைக்கட்டுக்கு 3,000. கணியானுக்கும் வில்லுக்கும் வைகாசி கடைசி வெள்ளி என்று காலையில் சொல்லிவிடுகிறேன்.

தென்காசி அத்தை: இங்கே பள்ளி திறந்திருக்கும். வெள்ளி ஒரு நாள் லீவு போட்டால் போதும், சனி ஞாயிறு ஒட்டி வருகிறது.

தங்கச்சி: நோட்டீஸில் என்ன போடுவது பெரியப்பா?

பாளை பெரியப்பா: ஏகமனதாக வேண்டாம். '36 தலைக்கட்டும் கூடிப் பேசி' என்று போடு. அதில் பொய் இல்லை.

நாசரேத் சித்தப்பா: அண்ணே, நம் கிணற்றுச் சுவருக்கு வெள்ளை அடிக்க நான் ஆள் கூட்டி வருகிறேன். வாளியும் கயிறும் அங்கே இருக்கிறதா, வாங்கி வரவா?

பாளை பெரியப்பா: வாளி இருக்கிறது. கயிறு வாங்கி வாரும்.