கடலே இல்லாத புது உலகத்தில் அப்பா எங்கிருந்து வருவார்?

கடலோரத்தவள்:

எல்லோருக்கும் வணக்கம். ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நாங்கள் ஆர்.சி. அம்மா கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் நாலு நாளாகத் தவிக்கிறேன். இங்கே வேதம் படித்தவர்கள் இருப்பதால் கேட்கிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது அப்பா கடலில் போனார். ஐப்பசி மாதம், வாடை பிடித்துவிட்டது, தீவுக்கு வடக்கே இருக்கிற வடகடல் கொந்தளிப்பு. பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள், கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுக்கவில்லை. படகு முதலாளி சம்மாட்டிதான் "கரைப்பக்கமா ஒரு மடி இழுத்துட்டு வந்துடுங்க" என்று அனுப்பினார். போனவர்கள் நாலு பேர். இரண்டு பேரை மறுநாள் இன்னொரு படகு தூக்கிவந்தது. அப்பாவும் இன்னொருவரும் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அதனால் எங்களுக்குக் கல்லறை கிடையாது. நவம்பர் 2ஆம் தேதி எல்லோரும் அவரவர் கல்லறையைக் கழுவி, பூப்போட்டு, மெழுகுவர்த்தி கொளுத்துவார்கள். அம்மா கல்லறைத் தோட்டத்துப் பெரிய சிலுவைக்குக் கீழே ஒன்று கொளுத்துவாள். அப்புறம் கரைக்கு வருவாள். வாடையில் திரி நிற்காது. அதற்காக ஈரமணலில் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, அதற்குள் சிரட்டையை வைத்து, சிரட்டைக்குள் மெழுகுவர்த்தியை நிறுத்துவாள். அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவள். பாறையில் கிழிபடாமலிருக்க விரலுக்கு விரல் துணி சுற்றி இறங்குகிற கை அது. அந்தக் கையால் காற்றை மறைத்துக்கொண்டு திரி முடியும்வரை உட்கார்ந்திருப்பாள்.

இந்த வருஷம் கல்லறைத் தோட்டத் திருப்பலியில் திருவெளிப்பாடு 21ஆம் அதிகாரம் வாசித்தார்கள். புதிய விண்ணகம், புதிய மண்ணகம், கண்ணீரெல்லாம் துடைக்கப்படும், சாவு இராது. எத்தனையோ தடவை கேட்ட வாசகம்தான். அதில் "கடலும் இல்லாமற் போயிற்று" என்று வந்ததும் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள்: "ஏம்மா, கடலே இல்லன்னா உங்கப்பா எங்கேருந்து வருவாரு?"

என்ன சொல்வது?

உபதேசியார் மகன்:

தங்கச்சி, உங்கள் அம்மாவின் கேள்வி பெரிய கேள்வி. என் அப்பா முப்பது வருஷம் கடற்கரைப் பங்குகளில் உபதேசியாராக இருந்தவர். அவரிடம் கற்றதிலிருந்து சொல்கிறேன்.

முதலில், யோவான் இந்தத் திருவெளிப்பாட்டை எங்கிருந்து எழுதினார் என்று பாருங்கள். பத்மு தீவு. கடவுளின் வாக்குக்காக அங்கே இருந்ததாக அவரே முதல் அதிகாரத்தில் சொல்கிறார். ரோமைப் பேரரசன் தொமீசியன் காலத்தின் கடைசியில், ஏறக்குறைய 95ஆம் ஆண்டில், இந்தக் காட்சி கிடைத்தது என்பது இரண்டாம் நூற்றாண்டு ஆயர் இரேனேயு எழுதிவைத்த பழைய செய்தி. அவர் இதை எழுதி அனுப்பிய ஏழு சபைகளும் எபேசு, சிமிர்னா என்று எதிர்க்கரையில் இருக்கின்றன. நடுவில் கடல். அவருக்குக் கடல் என்பது பிரித்துவைத்த சுவர்.

இன்னொன்று, பழைய ஏற்பாட்டிலிருந்தே கடல் என்றால் அலைக்கழிப்பு, அச்சம். தானியேல் 7இல் நாலு விலங்குகளும் கடலிலிருந்துதான் ஏறிவருகின்றன. திருவெளிப்பாடு 13இல் வரும் விலங்கும் அப்படியே. மக்களை நசுக்கிய பேரரசுகளுக்கு அவர்கள் வைத்த பெயர் அது. அதனால் கடல் இராது என்றால், அந்த விலங்கு ஏறிவர இனி இடமில்லை என்று அர்த்தம். புனித அகுஸ்தீனாரும் இந்த வசனத்தில் நின்று யோசித்திருக்கிறார். கடல் வற்றிப்போகுமா, நல்லதாக மாறுமா என்று முடிவு சொல்லாமல், கொந்தளிக்கிற இந்த உலக வாழ்க்கையைத்தான் கடல் என்று சொல்லியிருக்கலாம் என்கிறார்.

ஆனால் அம்மாவுக்கு இதெல்லாம் வேண்டாம். ஒரு பக்கம் முன்னால் புரட்டச் சொல்லுங்கள். 20ஆம் அதிகாரம், 13ஆம் வசனம். கடல் தன்னிடமிருந்த இறந்தோரை ஒப்படைக்கிறது. அதற்கு அப்புறம்தான் 21:1.

அதிலும் ஒன்றைக் கவனியுங்கள். 20:11இலேயே அரியணையில் இருப்பவரின் முன்னால் நிற்க முடியாமல் மண்ணும் விண்ணும் ஓடிப்போய்விடுகின்றன. கடல் மட்டும் போகவில்லை. போக முடியாது. கணக்கு இருக்கிறது. வாங்கிய ஆளையெல்லாம் ஒப்படைத்த பிறகுதான் அது இல்லாமல் போகிறது. காட்சிகளை நாள்காட்டி மாதிரி வரிசையாக எடுத்துக்கொள்ளக் கூடாதுதான். ஆனாலும் யோவான் எழுதிய வரிசை இதுதான்.

சாவையும் பாதாளத்தையும் சொல்வதற்கு முன்னால் கடலைச் சொல்கிறார் பாருங்கள். அடக்கம் செய்யப்படாத உயிருக்கு அமைதி கிடையாது என்று கிரேக்கரும் ரோமரும் நம்பிய காலம். கடலில் போனவனுக்கு மறுமை உண்டா என்று அந்தச் சபைகளிலும் யாரோ ஒரு பெண் அழுதிருப்பாள் என்று எனக்கு எப்போதும் தோன்றும். கல்லறை இல்லாதவர்களை அவர் முதல் ஆளாகக் கூப்பிடுகிறார்.

விழித்திரு:

சகோதரி, இவையெல்லாம் கடைசிக் காலத்தின் அடையாளங்கள். 1964இல் தனுஷ்கோடி ஏன் புயலில் அழிந்தது? 2004 சுனாமி ஏன் வந்தது? பாவத்தின்மேல் தேவன் செய்த நியாயத்தீர்ப்பு. மத்தேயு 24 வாசியுங்கள். மனந்திரும்ப இதுவே காலம்.

கடலோரத்தவள்:

ஐயா, மனந்திரும்புதலை நான் மறுக்கவில்லை. ஆனால் தனுஷ்கோடியைப் பற்றி இப்படிப் பேசுவதை இந்தத் தீவில் பிறந்தவளாக என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. டிசம்பர் 22 ராத்திரி, கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால், பாம்பனிலிருந்து போன ரயிலில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். ஒருவரும் தப்பவில்லை. கடல் கோவிலையும் உடைத்தது. அதன் சுவர் இன்றும் மணலில் நிற்கிறது. சுனாமி நாகப்பட்டினத்தை அடித்த மாதிரி எங்களை அடிக்கவில்லை. இலங்கை குறுக்கே கிடந்ததுதான் காரணம். எங்கள் பாவம் குறைச்சல் என்றா? வேளாங்கண்ணிக்குத் திருயாத்திரை வந்தவர்கள்தானே அந்தக் கரையில் செத்தார்கள்?

சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்லிவிட்டார். லூக்கா 13. மத்தேயு 24ஐ நீங்கள் சொன்னீர்கள். அதே அதிகாரம் 36ஆம் வசனத்தில் அந்த நாள் யாருக்கும் தெரியாது என்றும் இருக்கிறது.

உபதேசியார் மகன் அண்ணனுக்கு நன்றி. அந்த வசனத்தை அம்மாவுக்கு ராத்திரி வாசித்துக் காட்டினேன். திரும்ப வாசி என்றாள். அப்புறம் இன்னொன்று கேட்டாள். "அப்ப அனுப்பினவன்?"

இதை எழுதும்போதே கை நடுங்குகிறது. டோக்கன் இல்லாமல் போனதால் இழப்பீடு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். உடல் கிடைக்காததால் இறப்புச் சான்றுக்கு ஏழு வருஷம் காத்திருந்தோம். அந்த ஏழு வருஷமும் அம்மா சட்டப்படி விதவையும் இல்லை, புருஷன் உள்ளவளும் இல்லை. அனுப்பிய சம்மாட்டி இன்றும் திருவிழாவில் சப்பரத்துக்கு முன்னால் நடக்கிறார்.

ஓரியூர் டீச்சர்:

என் ஊர் மண் சிவப்பு. வேதம் போதிக்க வந்த புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693 பிப்ரவரி 4ஆம் தேதி இங்கேதான் தலை வெட்டப்பட்டார். அவர் ரத்தம் ஊறித்தான் சிவந்தது என்று இன்றும் மக்கள் அந்த மண்ணைப் பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துப்போகிறார்கள். சிறு வயதில் எனக்கு அது வெறும் மண். திருவெளிப்பாடு 6ஆம் அதிகாரம் வாசித்த பிறகுதான் அது வேறு மாதிரி தெரிந்தது. கொல்லப்பட்டவர்களின் ஆன்மாக்கள் பலிபீடத்தின் கீழே இருந்து உரத்த குரலில் கேட்கின்றன: ஆண்டவரே, இன்னும் எத்தனை காலம், எங்கள் ரத்தத்துக்கு நியாயம் எப்போது?

உங்கள் அம்மா கேட்டதும் அதேதான். விண்ணகத்துக்குப் போனவர்களே கேட்கும்போது பூமியில் இருப்பவள் கேட்கக் கூடாதா? கடவுள் அவர்களை அதட்டவில்லை. ஆளுக்கொரு வெள்ளை அங்கி கொடுத்து, கொஞ்சம் பொறுங்கள் என்கிறார். பொறுக்கச் சொன்னாரே தவிர மறக்கச் சொல்லவில்லை. மன்னித்துவிடு, மறந்துவிடு என்று நம் ஆட்கள் விதவைகளிடம் சொல்லும் அவசரம் அந்த அதிகாரத்தில் இல்லை.

18ஆம் அதிகாரத்தையும் வாசியுங்கள். பாபிலோன் விழும்போது வணிகர்கள் அழுகிறார்கள். சரக்குப் பட்டியல் ஒன்று வரும். பொன், வெள்ளி, முத்து, பட்டு, இலவங்கப்பட்டை, எண்ணெய், கோதுமை, ஆடுமாடு, கடைசியில் மனித உயிர். எங்கள் பிள்ளைகளுக்கு அதை வாசித்துக் காட்டும்போது நான் அந்தக் கடைசிச் சொல்லில் நிறுத்திவிடுவேன். ஒரு மடி இறாலுக்கு நாலு உயிரைச் சரக்காக வைத்தவரும் அந்த வணிகர்களில் ஒருவர்தான். 20:12இல் நூல்கள் திறக்கப்படுகின்றன, அவரவர் செயலுக்கு ஏற்ப. சப்பரத்துக்கு முன்னால் யார் நடந்தார்கள் என்பதை வைத்து இல்லை.

ஆனால் ஒன்று. அங்கே தீர்ப்பு இருக்கிறது என்று இங்கே விட்டுவிடாதீர்கள். சான்று கையில் வந்துவிட்டதே, ஒரு வழக்கறிஞரைப் பார்த்து இழப்பீட்டு மனுவைத் திரும்பப் போட வழி இருக்கிறதா என்று கேளுங்கள். நீதி வரும் என்று நம்புகிறவள்தான் மனு எழுதுவாள். எழுத ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

தொண்டிக்காரர்:

நான் அறுபத்தெட்டு வயதுக்காரன், வத்தை என்கிற சின்னப் படகில் மீன்பிடிக்கப் போனவன். எனக்குக் கடல் இல்லாத மோட்சம் பிடிக்கவில்லை, சொல்லிவிடுகிறேன். என் மகனும் கடலில்தான் போனான். ஆனாலும் பிடிக்கவில்லை.

எங்கள் சாமியார் எனக்கு எசேக்கியேல் 47ஐக் காட்டினார். ஆலயத்து வாசற்படிக்குக் கீழேயிருந்து தண்ணீர் புறப்படுகிறது. கணுக்கால், முழங்கால், இடுப்பு, அப்புறம் நீச்சல் ஆழம். அது ஓடிப்போய்ச் சாக்கடலில் விழுந்ததும் அந்த நீர் நல்லதாகிறது. மீன் பெருகுகிறது. ஏன்கேதி முதல் ஏனெக்லாயிம் வரை மீன்பிடிக்கிறவர்கள் நிற்பார்கள், வலை காயப்போடுகிற இடமாக இருக்கும் என்று எழுதியிருக்கிறது. வலை காயப்போடுகிற இடம்! அதை வாசித்துவிட்டு நான் அழுதேன். அடுத்த வசனத்தில், சேறும் சதுப்பும் மட்டும் உப்புக்கென்று விடப்படுமாம். உப்பில்லாமல் கருவாடு ஏது? வாலிநோக்கம் உப்பளத்தைப் பார்த்தவனுக்கு அந்த வசனம் புரியும்.

திருவெளிப்பாட்டிலேயே இன்னொரு கடலும் இருக்கிறது. 15ஆம் அதிகாரத்தில் கண்ணாடிக் கடல், விலங்கை வென்றவர்கள் அதன் ஓரத்தில் நின்று பாடுகிறார்கள். பங்குனியில் காற்றே இல்லாத விடியற்காலையில் நம் வடகடல் அப்படித்தான் கிடக்கும், அடியில் கிடக்கிற சங்கு தெரியும். ஆளை விழுங்குகிற கடல்தான் இராது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அம்மாவிடம் தொண்டியிலிருந்து ஒரு கிழவன் இப்படிச் சொன்னான் என்று சொல்லுங்கள்.

கடலோரத்தவள்:

எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்தேன். தொண்டி ஐயா எழுதியதை மட்டும் இரண்டு தடவை. டீச்சர், சனிக்கிழமை நீங்கள் வர முடியுமா? காகிதங்களையெல்லாம் அம்மா ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறாள், டோக்கன் புத்தகம் உட்பட.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பாசிக்குச் சுற்றுகிற துணியைக் கிழித்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் கேட்டாள்: "அவர் போனது வடகடல். நீரோட்டம் பாம்பன் கால்வாய் வழியா இழுத்திருந்தா தென்கடல் பக்கம் போயிருப்பாரு. கடல் ஒப்படைக்கிற அன்னிக்கு நான் எந்தக் கரையில நிக்கணும்?"

அண்ணா, இதற்கு ஏதாவது வசனம் இருக்கிறதா?